அப்பாவின் ரெக்கார்டிங் சென்டர் கேசட்டுகள்: வைத்துக்கொள்வதா, மாற்றுவதா, தூக்கிப் போடுவதா?

#1 ஆற்காட்டுக்காரன்

எல்லோருக்கும் வணக்கம். ஆற்காடு பஸ் ஸ்டாண்டு பக்கம் அப்பா, கேட்ட பாட்டைக் கேசட்டில் பதிந்து கொடுக்கும் ரெக்கார்டிங் சென்டர் வைத்திருந்தார். சிடி வந்தது, அப்புறம் மெமரி கார்டில் பாட்டு ஏற்றிக் கொடுக்கும் செல்போன் கடைகள் வந்தன. வியாபாரம் படுத்ததும் கடையை மூடிச் சாமான்களை வீட்டுப் பரண்மேல் ஏற்றிவிட்டார். அவர் போய்விட்டார். இப்போது வீட்டை இடித்துக் கட்டப் போகிறோம், பரணைக் காலி செய்தாக வேண்டும்.

இருப்பவை: அட்டைப்பெட்டி அட்டைப்பெட்டியாகக் கேசட், பெரும்பாலும் சி-60 (ஒரு மணி நேரம் ஓடுவது), கொஞ்சம் சி-90. இரண்டு மரப்பெட்டி நிறைய எல்.பி., ஈ.பி. ரெக்கார்டு (பெரிய, சின்ன இசைத்தட்டு). ஒரு டர்ன்டேபிள், இரண்டு கேசட் டெக்.

வேலூரிலிருந்து ஒருவர் வந்து பார்த்தார். ரெக்கார்டுகளுக்கு நான் எதிர்பார்க்காத விலை சொன்னார். கேசட்டைக் கையால் தொடவில்லை. காயலான் கடைக்காரரோ டேப்பை உருவிப் போட்டுவிட்டு வெறும் பிளாஸ்டிக்கைக் கொடுத்தால் எடுத்துக்கொள்வாராம். "எல்லாம் யூடியூபில் இருக்குப்பா" என்கிறான் மகன். தங்கை ஒரு கேசட்டைக்கூட விட மாட்டேன் என்கிறாள்.

ஒரே பாட்டு. ரெக்கார்டில் இருந்தால் விலை, கேசட்டில் இருந்தால் குப்பை, போனில் இருந்தால் சும்மா. எதை வைத்து இப்படி மதிப்புப் போடுகிறோம் என்று புரியவில்லை. என்ன செய்யலாம், சொல்லுங்கள்.

#2 44100

ஒலித்தரத்தை மட்டும் வைத்துச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

பிலிப்ஸ் 1963-ல் கேசட்டைக் கொண்டுவந்தபோது அது பேச்சைப் பதிவு செய்யும் கருவியாகத்தான் வந்தது. டேப்பின் அகலம் 4 மில்லிமீட்டர்கூட இல்லை. அதற்குள் பக்கத்துக்கு இரண்டாக நாலு தடம். நொடிக்கு 4.76 செ.மீ. வேகத்தில் ஊர்ந்து போகும். 'ஸ்ஸ்ஸ்' என்ற இரைச்சல் வராமல் என்ன செய்யும்? 1982-ல் வந்த சிடி 16 பிட், நொடிக்கு 44,100 மாதிரி (சாம்பிள்). அமைதிக்கும் உச்சச் சத்தத்துக்கும் நடுவே சுமார் 96 டெசிபல் இடைவெளி கிடைக்கிறது. கேசட்டில் இரைச்சலைக் குறைக்கும் டால்பி போட்டாலும் அதன் பக்கத்தில் வர முடியாது. எல்.பி.யும் இந்தக் கணக்கில் சிடியிடம் தோற்றதுதான். "ரெக்கார்டில் உயிர் இருக்கிறது" என்பவர்களைத் திரைக்கு இந்தப் பக்கம் உட்கார வைத்து, எது எது என்று கண்டுபிடிக்கச் சொல்லுங்கள், பார்ப்போம்.

உங்கள் அப்பா பதிந்தவை ரெக்கார்டிலிருந்து கேசட்டுக்கு இறங்கிய நகல்கள். அதைவிட நல்ல நகல் எங்கும் கிடைக்கும். ரெக்கார்டை விற்றுவிடுங்கள், கேசட்டை விட்டுவிடுங்கள்.

#3 பென்சில்சுற்றி

44100 சார் சொன்ன எண்ணில் தப்பில்லை. ஆனால் நாங்கள் ரெக்கார்டிங் சென்டருக்குப் போனது டெசிபல் வாங்கவா?

அந்த வேலை எப்படி நடந்தது என்று இப்போதைய பிள்ளைகளுக்குத் தெரியாது. நோட்டுத்தாளைக் கிழித்துப் பாட்டுப் பட்டியல் எழுதிக்கொண்டு போவோம். கடைக்காரர் கண்ணால் ஓட்டிப் பார்த்துவிட்டு, "தம்பி, ஒரு பக்கம் அரைமணி நேரம்தான். இதில் ஆறு பாட்டுதான் பிடிக்கும், ஏழாவது பாதியில் அறுந்துபோகும். எதை எடுக்கட்டும்?" என்பார். எந்தப் பாட்டு எத்தனை நிமிடம் என்பது அவருக்கு மனப்பாடம். அங்கேயே நின்று ஒன்றை அடித்து, இன்னொன்றைச் சேர்த்து, திரும்ப அடித்து... நாலரை நிமிடப் பாட்டை எடுத்துவிட்டு மூன்று நிமிடப் பாட்டைப் போட்டால் கடைசியில் மிஞ்சும் இடத்தில் ஏதாவது டைட்டில் மியூசிக்கை நிரப்பித் தருவார். அதுதான் நல்ல கடைக்கு அடையாளம். வெறும் கேசட் டிடிகேயா மெல்ட்ராக்கா என்பதைப் பொறுத்துக் காசு. பல சினிமா டிக்கெட் பணம் அதில் போகும். போனவுடன் கிடைக்காது, "அடுத்த வாரம் வா."

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலை, கேசட்டின் முதுகில் இருக்கும் இரண்டு பிளாஸ்டிக் பல்லை உடைப்பது. பத்திரம் பதிகிற மாதிரி. அதற்கு மேல் யாரும் அதில் வேறு பாட்டை ஏற்ற முடியாது (ஓட்டையில் காகிதத்தை அடைத்து என் அண்ணன் ஏற்றினான் என்பது வேறு கதை).

இப்போது என் போனில் எத்தனை ஆயிரம் பாட்டு இருக்கிறது என்றே தெரியாது. எந்தப் பாட்டையும் முழுசாகக் கேட்டு முடிப்பதில்லை, பல்லவி முடியும் முன்பே விரல் அடுத்ததற்குப் போய்விடுகிறது. எதையும் விலக்கித் தேர்ந்தெடுக்க வேண்டிய அவசியமே இல்லையே. அதனால்தான் எதன் மேலும் பிடிப்பு வரவில்லை.

#4 44100

அது ஊடகத்தின் பெருமை இல்லை சார், உங்கள் பதினெட்டு வயசின் பெருமை.

#5 பென்சில்சுற்றி

சரி, ஒத்துக்கொள்ள மாட்டேன். ஆனால் ஒன்று கேட்கிறேன். யூடியூபில் இருக்கும் பழைய பாட்டில் பாதியைப் போட்டுப் பாருங்கள். மோனோவில் பதிந்த பாட்டை இழுத்து ஸ்டீரியோ ஆக்கி, இரைச்சலை வழித்தெடுக்கிறேன் என்று வயலினின் நுனியையும் சேர்த்து வழித்து, தாளத்துக்குப் பின்னால் புதிதாக ஒரு டமடம வைத்திருப்பார்கள். உங்கள் 96 டெசிபலில் அதுவும் துல்லியமாகக் கேட்கும். முதலில் வெளிவந்த ரெக்கார்டை எடுத்து வைத்துக் கேட்டால்தான் இசையமைப்பாளர் என்ன கேட்டு ஓகே சொன்னார் என்று தெரியும். ரெக்கார்டுக்கு விலை வருவதில் அந்தக் காரணமும் உண்டு.

#6 44100

இது நியாயம். அது பதிப்புப் பிரச்சினை, டிஜிட்டல் பிரச்சினை இல்லை. ஆனாலும் நியாயம்.

#7 ஹாஸ்டல்வாசி

காட்பாடி பக்கம் இன்ஜினியரிங் படிக்கிறேன். எங்கள் மாடியில் இரண்டு பேர் எல்.பி. வாங்கிச் சுவரில் மாட்டியிருக்கிறார்கள். பிளேயர் யாரிடமும் கிடையாது. சிரிக்காதீர்கள், அமெரிக்காவில் 2022-ல் எண்ணிக்கையில் சிடியைவிட எல்.பி. அதிகம் விற்றது, 1987-க்குப் பிறகு முதல் முறை. அதில் எத்தனை சுவருக்குப் போனதோ.

என் அனுபவம் வேறு. 2023 மார்ச்சில் ஸ்பாட்டிஃபையில் ஜீ மியூசிக் பாட்டெல்லாம் ஒரே நேரத்தில் போய்விட்டது. இரண்டு கம்பெனிக்கும் ஒப்பந்தம் படியவில்லை. என் பட்டியலில் பாட்டின் பெயர் மட்டும் சாம்பல் நிறத்தில் நின்றது, தட்டினால் ஒன்றும் வரவில்லை. மாதாமாதம் பணம் கட்டுகிறவன் நான். அன்றைக்குத்தான் தெரிந்தது, நான் எதையும் வாங்கவே இல்லை என்று. ஆற்காட்டு அண்ணன் வீட்டுக் கேசட்டை எந்தக் கம்பெனியும் பரணில் ஏறி எடுத்துக்கொண்டு போக முடியாதே.

#8 பழைய ஆபரேட்டர்

பரணில் இருப்பது பத்திரம் என்று நம்பாதீர்கள் தம்பி. வேலூரில் தியேட்டரில் புரொஜெக்டர் ஓட்டியவன் நான், கார்பன் குச்சி எரித்து வெளிச்சம் வரவைத்த காலத்திலிருந்து. படப்பெட்டி வந்து இறங்கினால் ஒவ்வொரு ரீலாக எடுத்துச் சுற்றிப் பார்த்து, ஓரத்து ஓட்டை கிழிந்த இடத்தை வெட்டி ஒட்டி வைப்போம். ஒவ்வொரு வெட்டுக்கும் படத்தில் கொஞ்சம் குறையும். மெட்ராஸில் புதுசாக ஓடியபோது இருந்த படமும், ஊர் ஊராகச் சுற்றி டூரிங் டாக்கீஸுக்குப் போன படமும் ஒரே படம் இல்லை. கடைசியில் திரை முழுக்க மழை பெய்யும். மக்கள் அதற்கும் விசில் அடித்தார்கள்.

ஓடி முடிந்த பிரிண்டை யாரும் கும்பிட்டு வைக்கவில்லை. பிலிமில் வெள்ளி இருக்கிறது என்று உருக்கக் கொடுத்தார்கள். துண்டு துண்டாகப் பள்ளிக்கூட வாசலில் விற்றார்கள்.

பெரிய கதை ஒன்று சொல்கிறேன். தென்னிந்தியாவின் முதல் மௌனப் படம் 'கீசக வதம்'. 1910களில் அதை எடுத்த ஆர். நடராஜ முதலியார் நம் வேலூரில் பிறந்தவர். அந்தப் படத்தில் ஒரு அடிகூட இன்றைக்கு இல்லை. அந்தக் காலத்து பிலிம் நைட்ரேட், பொறி பட்டால் வெடித்து எரியும். அதற்குப் பிறகு வந்த அசிடேட் பிலிம் அப்படி எரியாது, ஆனால் வெக்கையில் தானாக அழுகும். டப்பாவைத் திறந்தால் காடி வாசனை மூக்கில் ஏறும். ஏறியதென்றால் அந்த ரீல் போனது போனதுதான். கையில் பிடிக்க முடிகிறது என்பதால் நிலைக்கும் என்று அர்த்தமில்லை. எங்கள் தொழிலில் கையில் பிடித்ததெல்லாம்தான் முதலில் போனது.

ஆனால் ஒன்று, இப்போது படம் ஹார்ட் டிஸ்கில் வருகிறது, இந்த நாள் இந்த நேரம் வரைக்கும்தான் திறக்கும் என்று ஒரு சாவி வருகிறது. சாவியின் நேரம் முடிந்தால் அந்த டிஸ்க் வெறும் பெட்டி. அதையும் எனக்குப் பிடிக்கவில்லை.

#9 ஸ்கேன்_அக்கா

நான் வேறு துறை. வேலூரில் ஒரு ஸ்கேன் சென்டரில் இருக்கிறேன், தினமும் இந்தச் சண்டையைப் பார்க்கிறேன்.

வங்காளம், திரிபுரா, பங்களாதேஷ் என்று எங்கெங்கிருந்தோ சிகிச்சைக்காகக் காட்பாடியில் வந்து இறங்குகிறார்கள். பெரிய கவருக்குள் பழைய எக்ஸ்ரே பிலிம்களைச் சுருட்டாமல் மடிக்காமல் குழந்தையைத் தூக்குகிற பக்குவத்தில் கொண்டுவருவார்கள். இப்போது எல்லாம் கம்ப்யூட்டரில் போய்விடுகிறது என்று சொன்னால் முகம் மாறிவிடும். "பிலிம் கிடையாதா?" காசு கொடுத்தோமே, கையில் ஒன்றும் இல்லையே என்கிற வருத்தம். டியூப்லைட்டுக்கு நேரே தூக்கிப் பிடித்து வீட்டில் நாலு பேரிடம் காட்டினால்தான் அவர்களுக்கு எக்ஸ்ரே எடுத்த மாதிரி.

வேலை என்று பார்த்தால் டிஜிட்டல்தான் மேல், சந்தேகமே இல்லை. பிலிமில் வெளிச்சம் கூடக் குறைய விழுந்தால் திரும்ப எடுக்க வேண்டும், நோயாளிக்கு இன்னொரு தடவை கதிர். இப்போது அதே படத்தில் எலும்பு தெரிகிற மாதிரியும் நுரையீரல் தெரிகிற மாதிரியும் திரையில் மாற்றிப் பார்க்கலாம். ஆனால் ஒருவர் பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முந்தைய பிலிமையும், அதே காலத்தில் படங்களைப் பதிந்து கொடுத்த சிடி ஒன்றையும் கொண்டுவந்தார். பிலிமை விளக்குப் பெட்டியில் மாட்டினோம், டாக்டர் பார்த்தார். சிடியைப் போட எங்களிடம் டிரைவ் இருக்கும் கம்ப்யூட்டரைத் தேட வேண்டியிருந்தது. தேடிப் போட்டால் பாதி திறக்கவில்லை.

இதிலும் மோசம், கம்ப்யூட்டர் திரையைப் போனில் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பிக்கொண்டு வருவது. அதை வைத்து யாராலும் எதுவும் சொல்ல முடியாது. தயவு செய்து செய்யாதீர்கள், இழைக்குச் சம்பந்தம் இல்லை என்றாலும்.

#10 வாணியம்பாடிக்காரி

ஆற்காட்டு அண்ணா, பாட்டுக் கேசட் மட்டும்தானா? பேச்சுக் கேசட் ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள்.

எங்கள் பக்கம் நிறையப் பேர் சவூதி, துபாய் என்று போனவர்கள். போன் பேசினால் காசு கரையும். அதனால் கேசட்டில் பேசி, ஊருக்கு வருகிற யாரிடமாவது கொடுத்து அனுப்புவார்கள். எங்கள் அப்பா அனுப்பினதை வீடே வட்டமாக உட்கார்ந்து கேட்போம். "இது பெரியம்மாவுக்கு" என்றால் பெரியம்மா டேப்ரிக்கார்டருக்குப் பக்கத்தில் நகர்ந்து வருவார். நாங்கள் பதிலைப் பேசுவதும் அதே கேசட்டில்தான், அப்பா பேசியதன் மேலேயே. அதனால் எங்கள் வீட்டில் மிஞ்சியிருப்பது கடைசியாக வந்த ஒன்று மட்டும்.

அதில் அப்பா பேசுவதைவிடப் பின்னால் ஏ.சி. உறுமுவதுதான் அதிகம் கேட்கும். யூடியூபில் இல்லை.

#11 ஆற்காட்டுக்காரன்

இரண்டு நாளாகப் பெட்டிகளைப் பிரித்துக்கொண்டிருக்கிறேன். வாணியம்பாடித் தங்கச்சி சொன்னது சரி.

கடைக்குப் பாட்டுப் பதிய வந்தவர்கள் அல்லாமல், ஒரு கேசட்டை இன்னொரு கேசட்டுக்கு இறக்கிக் கொடுக்கச் சொல்லியும் வந்திருக்கிறார்கள். அப்பா அதில் ஒரு படி எடுத்துத் தனக்கு வைத்துக்கொண்டிருக்கிறார். லேபிளில் அவர் கையெழுத்தில் இருப்பவை சில:

'பாரதக் கூத்து, துகில், 1' என்று தொடங்கி 4 வரை. 'அர்ச்சுனன் தபசு, மரம் ஏறுவது, மழை சத்தம்'. 'படுகளம் காலை'. 'கல்யாண மேளம், ராணிப்பேட்டை'. 'பொதுக்கூட்டம் பி பக்கம் மட்டும்'. 'ஒப்பாரி, கேட்டால் மட்டும் கொடு'.

கடைசியில் இருப்பதை இன்னும் போட்டுப் பார்க்கவில்லை.

#12 செய்யாற்றுப்பக்கம்

அண்ணே!! கூத்துக் கேசட்டைத் தயவு செய்து யாரிடமும் கொடுக்காதீர்கள். எங்கள் தாத்தா முகவீணை (கூத்தில் ஊதும் சின்னக் குழல்) வாசித்தவர். பழைய வட ஆற்காட்டில் திரௌபதி அம்மன் கோயில் பாரதம் என்றால் பகலில் பிரசங்கம், ராத்திரி விடிய விடியக் கூத்து, கடைசி நாள் துரியோதனன் விழும் படுகளம். ஒவ்வொரு ஊரிலும் யாராவது ஒருவர் டூ-இன்-ஒன்னை (ரேடியோவோடு சேர்ந்த டேப்ரிக்கார்டர்) தூக்கிக்கொண்டு வந்து மேடை ஓரத்தில் வைத்துப் பதிவார்கள். பெரிய ஜமாக்களை, அதாவது கூத்துக் குழுக்களைத்தான் ஆராய்ச்சிக்காரர்கள் வந்து பதிந்துகொண்டு போனார்கள். புரிசை கண்ணப்ப தம்பிரான் போன்றவர்களை நாடே அறிந்தது. எங்கள் தாத்தா மாதிரி சின்ன செட்டில் (குழுவில்) வாசித்தவர்களின் சத்தம் எங்குமே இல்லை. அவர் எப்படி வாசித்தார் என்பதை அம்மா வாயால் சொல்லித்தான் கேட்டிருக்கிறேன்.

எந்த ஊர், எந்த செட் என்று லேபிளில் ஏதாவது இருக்கிறதா?

#13 ஆற்காட்டுக்காரன்

துகில் 1-ல் ஊர்ப் பெயர் இல்லை. உள் அட்டையில் 'வாத்தியார் பாக்கி 12' என்று பென்சிலில் எழுதியிருக்கிறது. அது ரூபாயா கேசட்டா தெரியவில்லை.

#14 கல்வெட்டுக்கிறுக்கன்

நம் ஊரில் இன்னொரு 'அனலாக்' இருக்கிறது, கல். விரிஞ்சிபுரம் மார்க்கபந்தீஸ்வரர் கோயிலில் 1425-26-ல் வெட்டிய கல்வெட்டு ஒன்று. படைவீட்டு ராஜ்யத்துப் பிராமணர்கள் கூடி, பெண்ணுக்குப் பொன் வாங்குவதும் கொடுப்பதும் கூடாது, கன்னிகாதானமாகத்தான் கல்யாணம் நடக்க வேண்டும் என்று எழுதிக்கொண்ட ஒப்பந்தம். கல்லைவிட உறுதியான ஹார்ட் டிஸ்க் உண்டா என்று கேட்கத் தோன்றும். ஆனால் இதை நாம் படிப்பது கல்லைப் பார்த்தா? 1890-ல் கல்வெட்டு அறிஞர் ஹூல்ட்ஷ் அச்சிட்ட தென்னிந்தியக் கல்வெட்டுகள் முதல் தொகுதியைப் பார்த்துத்தான். அந்த அச்சுக்கு அடிப்படை மைப்படி. ஈரக் காகிதத்தைக் கல்லின் மேல் விரித்துப் பிரஷ்ஷால் அடித்து அடித்து எழுத்தின் பள்ளத்துக்குள் இறக்க வேண்டும். அரைகுறையாகக் காய்ந்ததும் மைப்பொட்டலத்தால் ஒற்றினால், கருப்பில் எழுத்து மட்டும் வெள்ளையாக நிற்கும். திருப்பணி என்று மணல் வீச்சு நடத்தி எழுத்துத் தேய்ந்துபோன கோயில்கள் எத்தனை! அங்கெல்லாம் மைப்படிதான் மூலம்.

நகல் எடுப்பதைக் கேவலமாகப் பேசாதீர்கள் என்பதற்காகச் சொன்னேன். உங்கள் அப்பா கேட்காமலே ஒரு படி எடுத்து வைத்தாரே, அந்த வேலைதான் இது.

#15 44100

முதலில் சொன்னதைச் சினிமாப் பாட்டுக் கேசட்டுகளோடு நிறுத்திக்கொள்கிறேன். அவற்றுக்கு இன்னும் அதே தீர்ப்புதான். #11-ல் இருப்பவை வேறு ஜாதி. ரெக்கார்டு வாங்க வந்தவர் விலை சொன்னது சந்தைக்கு. கூத்துக் கேசட்டுக்குச் சந்தையே இல்லை, ஆனால் உலகத்தில் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. அதனால் அதை முதலில் டிஜிட்டலுக்கு மாற்றுங்கள். மாற்றிய பிறகும் மூலத்தைத் தூக்கிப் போடாதீர்கள்.

எப்படிச் செய்வது:

எடுத்தவுடன் போட்டு ஓட்டாதீர்கள். ஜன்னல் வழியாகச் சுருளைப் பாருங்கள். வெள்ளைப் பொடி தெரிந்தால் பூஞ்சை, தனியே வையுங்கள், மற்ற கேசட்டுக்கும் டெக்குக்கும் பரவும். வாய்ப்பக்கம் நடுவில் சின்னக் கம்பளித் துண்டு ஒட்டிய தகடு இருக்கும். பல கேசட்டில் பசை காய்ந்து அது விழுந்திருக்கும். அது இல்லாமல் டேப், டெக்கின் ஹெட்டோடு (டேப்பிலிருந்து ஒலியை எடுக்கும் முனை) ஒட்டி ஓடாது, சத்தம் மங்கும். திருகு வைத்த கேசட் என்றால் திறந்து இன்னொன்றிலிருந்து மாற்றலாம்.

ஹெட்டையும் ரப்பர் உருளையையும் ஐசோப்ரொபைல் ஆல்கஹாலில் பஞ்சை நனைத்துத் துடையுங்கள். இத்தனை வருஷம் வேலூர் வெயிலில் பரணில் இருந்த டெக்கின் பெல்ட் தாராக உருகியிருக்கும். புது பெல்ட் போடாமல் பட்டனை அழுத்த வேண்டாம், டேப்பைத் தின்றுவிடும்.

அப்பா பதிந்தவற்றை அப்பாவின் டெக்கிலேயே போடுங்கள். ஹெட்டின் சாய்வு டெக்குக்கு டெக் கொஞ்சம் மாறும், பதிந்த டெக்கில்தான் மேல்சுரம் தெளிவாக வரும். கூத்துப் படிகளும் அவர் டெக்கில் இறங்கியவைதான். ஆனால் மூலக் கேசட்டுகளை எவர் எவர் டூ-இன்-ஒன்னிலோ பதிந்திருப்பார்கள். ஆகவே யாரிடமாவது மூலம் மிஞ்சியிருந்தால் அதையும் தேடுங்கள். அதற்கு ஹெட்டின் பக்கத்தில் இருக்கும் சின்னத் திருகைக் கேசட்டுக்குக் கேசட் மெல்லத் திருப்பி, தாளச் சத்தம் கூர்மையாகும் இடத்தில் நிறுத்த வேண்டும்.

24 பிட், 48,000 மாதிரியில் வேவ் ஃபைலாக எடுங்கள். ஒரு சி-60 சுமார் 1 ஜிபி வரும். அதை ஃப்ளாக் ஆக்கினால் கிட்டத்தட்ட பாதி, தரம் துளியும் போகாது. எம்.பி.3 வேண்டாம், இரைச்சலைக் குறைக்கும் வித்தை எதுவும் மூலத்தில் வேண்டாம். மூன்று படி, அதில் ஒன்று வேறு வீட்டில். 'கிளவுடில் போட்டேன்' என்பது ஒரு படிதான், மூன்று அல்ல. மைஸ்பேஸ் என்ற இணையதளம் 2016-க்கு முன் ஏற்றிய பாட்டுகளை சர்வர் மாற்றும்போது தொலைத்துவிட்டோம் என்று 2019-ல் சொன்னது, 5 கோடிக்கு மேல் பாட்டு.

லேபிளையும் உள் அட்டையையும் போட்டோ எடுங்கள். 'வாத்தியார் பாக்கி 12' உட்பட.

#16 ஹாஸ்டல்வாசி

நான் வந்து கூட உட்காருகிறேன் அண்ணா. காட்பாடியிலிருந்து ஆற்காடு ஒரு பஸ்தானே. மாற்றியதும் யூடியூபில் போட்டுவிடலாமா?

#17 வாணியம்பாடிக்காரி

போட்டுவிடாதீர்கள். 'கேட்டால் மட்டும் கொடு' என்று அப்பா எழுதியிருப்பதைப் பார்த்தீர்களா? யாரோ அவர்கள் வீட்டுச் சாவில் அழுதது அது.

#18 பென்சில்சுற்றி

சட்டமும் உண்டு. ஒலிப்பதிவுக்கு, வெளியான அடுத்த வருஷம் தொடங்கி 60 வருஷம் காப்புரிமை. நிகழ்த்தியவருக்கு என்று தனியே 50 வருஷ உரிமை இருக்கிறது. கூத்து வாத்தியாரும் நிகழ்த்துபவர்தான். ரெக்கார்டிங் சென்டர் தொழிலே சட்டத்தின் கண்ணில் எப்படிப்பட்டது என்று இந்த இழையில் யாரும் கேட்காமல் இருப்பதற்கு நன்றி.

#19 செய்யாற்றுப்பக்கம்

எங்கள் மாமா இன்னும் ஆடுகிறார், பழைய செட் ஆட்கள் சிலரையும் தெரியும். கூத்தைத் தொடங்கி வைக்கும் கட்டியங்காரன் வந்து பேச ஆரம்பித்தாலே எந்த செட் என்று சொல்லிவிடுவார். முதலில் அவர் கேட்கட்டும். யாருடையது என்று தெரிந்த பிறகு அந்த வீட்டாரிடம் ஒரு படி கொடுத்துவிட்டு, மற்றதை அவர்களே முடிவு செய்யட்டும். சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் இசைத்தட்டுகளும் சேர்த்து வைத்திருக்கிறார்கள். கூத்துக் கேசட்டுக்கும் இடம் உண்டா என்று கேட்கிறேன்.

#20 ஆற்காட்டுக்காரன்

சரி. ரெக்கார்டுகளை விற்கிறேன், அந்தப் பணத்தில் டெக்கைச் சரி செய்கிறேன். சினிமாக் கேசட்டுகளைத் தங்கை எடுத்துக்கொள்கிறாளாம், அவள் பரண், அவள் பாடு. ஒப்பாரிக் கேசட்டை யார் பதியக் கொடுத்தார்கள் என்று அம்மாவிடம் கேட்டேன். "தோப்புக்கானா பக்கம் ஒரு வீடு" என்கிறார், விசாரிக்கிறேன். இரண்டு டெக்கில் ஒன்றின் மூடியே திறக்கவில்லை. பெல்ட் எங்கே கிடைக்கும்?

#21 44100

பின்பக்கம் மாடல் எண் இருக்கும், போட்டோ போடுங்கள். அது இல்லாமல் பெல்ட் அளவு சொல்ல முடியாது. உருகின பெல்ட்டை விரலால் எடுக்காதீர்கள், கருப்பு ஒரு வாரத்துக்குப் போகாது.